இஷ்பெல் உட்காராத பந்தி

சானடோரியம், நான்காம் வார்டு
கிளாஸ்கோவுக்கு வெளியே
1951 அக்டோபர் 9

அக்கா இஷ்பெலுக்கு, ஃபின்லே எழுதுகிறேன்.

கையெழுத்தைப் பார்த்ததும் அடுப்பில் போட்டுவிடாதே. ஒரு தடவை படி. அப்புறம் உன் இஷ்டம்.

நாம் ஒரு வரி எழுதிக்கொண்டு பத்தொன்பது வருஷமாகிறது. நான் செத்துப்போனதாக நம் தீவில், ஹாலவிக்கில் யாராவது சொல்லியிருந்தால் அது பாதி உண்மை. எனக்குக் காசநோய். ஜூன் மாதம் கப்பலிலிருந்து இறக்கி நேரே இங்கே கொண்டுவந்து கிடத்தினார்கள். இடது நுரையீரலின் மேல்பாகம் கெட்டுவிட்டது. முதல் இரண்டு மாதம் மல்லாந்தே கிடக்க வேண்டும், ஸ்பூனைக்கூட நான் தூக்கக் கூடாது என்று உத்தரவு. நாற்பத்தெட்டு வயது மாலுமிக்கு, மகள் வயதில் ஒரு நர்ஸ் கஞ்சி ஊட்டினாள். நீ பார்த்திருந்தால் சிரித்திருப்பாய்.

எழுத வந்த விஷயம் வேறு. பக்கத்துக் கட்டிலில் பர்டி என்று ஒருவர். கப்பல் கட்டும் தளத்தில் நாற்பது வருஷம் ஆணி அடித்ததில் இரண்டு காதும் போய்விட்டன. தினமும் காலையில் வேதத்தை மனதுக்குள் படிப்பதாக நினைத்துக்கொண்டு வார்டே அதிரும்படி படிப்பார். "யோவ் பர்டி, வாயை மூடுய்யா!" என்று எல்லாரும் கத்துவார்கள். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டி, "ஆமா, இன்னைக்கு நல்ல வெயில்தான்" என்பார். எழுந்து ஓட முடியாததால் நானும் கேட்டுத் தொலைத்தேன்.

ஆகஸ்டில் ஒரு நாள், நாலு பேர் கூரையைப் பிரித்து ஒரு திமிர்வாதக்காரனைப் பாயோடு இயேசுவுக்கு முன்னால் இறக்கிய கதையைப் படித்தார். சின்ன வயதில் நூறு தடவை கேட்டதுதான். படுத்துக்கொண்டு கேட்டது அதுதான் முதல் தடவை. அந்த மனிதன் ஒரு வார்த்தை பேசவில்லை அக்கா. எழுந்து நடப்பதற்கு முன்னாலேயே, பாயில் கிடக்கும்போதே, பாவம் மன்னிக்கப்பட்டது என்று அவர் சொல்லிவிட்டார். எனக்கு அழுகை வந்தது. அழுதால் இருமல் வரும், இருமினால் ரத்தம் வரும். நர்ஸ் திட்டினாள்.

அன்றிலிருந்து நான் அவரை நம்புகிறேன். இயேசுவை மட்டும். நம்ப என்னிடம் வேறு எதுவும் இல்லையே. போன மாதம் மருத்துவமனைப் போதகர் கர்த்தருடைய பந்தியின் அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தபோது நானும் வாங்கிக்கொண்டேன்.

இதை உன்னிடம்தான் முதலில் சொல்லத் தோன்றியது.

ஃபின்லே


ஹாலவிக்
1951 அக்டோபர் 22

ஃபின்லேக்கு,

உன் கடிதம் வந்தது. உடம்பு இப்படி ஆனதற்கு வருந்துகிறேன். இத்துடன் மூன்று ஜோடி கம்பளிக் காலுறைகள். சாம்பல் நிறம் தடிப்பானது, குளிருக்குப் போட்டுக்கொள்.

எழுதியதைக் கிழித்துக் கிழித்து இது நாலாவது தாள். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எனக்குக் கோபம் வந்தது.

கர்த்தருடைய பந்தியின் அருமை உனக்குத் தெரியாதா? நம் ஊரில் பெரியவர்கள் எத்தனை பேர், தாங்கள் அதற்குத் தகுதியில்லை என்று சாகும்வரை பின்வரிசையில் இருந்தே போய்ச் சேர்ந்தார்கள்! எனக்கு ஐம்பத்தாறு வயது. முப்பத்தெட்டு வருஷமாக ஒரு ஆராதனை தவறவிட்டதில்லை. பந்தி மேசையின் வெள்ளைத் துணியை வருஷத்துக்கு இரண்டு தடவை துவைத்து இஸ்திரி போடுகிறவள் நான். போன வாரம் பந்திக்கு வந்த வெளியூர்க்காரர் பதினான்கு பேருக்கு என் வீட்டில் சாப்பாடு. எல்லாரையும் அனுப்பிவிட்டுப் பாத்திரம் கழுவி முடித்த கையோடுதான் உன் கடிதத்தைப் பிரித்தேன். அந்த மேசையில் நான் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. துணிந்ததில்லை.

அம்மா படுக்கையில் கிடந்த ஒன்பது வருஷமும் உன் கை அவள் கட்டிலைத் தொடவில்லை. துறைமுகம் துறைமுகமாகக் குடித்துத் திரிந்துவிட்டு, இரண்டு மாதம் மல்லாந்து படுத்தாய், பந்தியில் கை நீட்டிவிட்டாய். அவ்வளவு மலிவா அது?

உன் ஆத்துமாவைப் பற்றி நீ ஏமாந்துபோகக் கூடாதே என்றுதான் எழுதுகிறேன். காலுறை அளவு சரியா என்று எழுது.

இஷ்பெல்


சானடோரியம்
1951 நவம்பர் 4

அக்கா,

காலுறை சரியாக இருக்கிறது. பர்டிக்கு ஒரு ஜோடி கொடுத்தேன். "உங்க வீட்டம்மா நல்லா பின்றாங்க" என்றார். அக்கா என்று மூன்று தடவை கத்திச் சொன்னேன். மூன்றாவது தடவை அடுத்த வார்டிலிருந்து யாரோ "அக்காவாம்யா!" என்று பதில் கத்தினார்கள்.

நீ எழுதியதெல்லாம் உண்மை. குடித்தது, அம்மாவைத் தொடாதது, எல்லாம். நீ விட்டதும் நிறைய இருக்கிறது, உனக்குத் தெரியாததால் பட்டியலில் வரவில்லை. நான் தகுதியானவன் என்று எங்கே எழுதினேன்? மலிவா என்று கேட்டாய். எனக்கு இலவசம். இயேசுவுக்கு அப்படியில்லை.

ஒன்று கேட்கிறேன், சண்டைக்கு இல்லை. துணி துவைத்தாய், பதினான்கு பேருக்குப் பரிமாறினாய். இன்னும் எத்தனை வருஷம் செய்தால் உனக்குத் தகுதி வரும்? ஒரு கணக்கு இருக்குமே மனதில். சொல்லேன். எனக்குத் தெரிந்தவரை ஹாலவிக்கில் உன்னைவிட நல்லவள் கிடையாது. நீயே வாசலில் நிற்கிறாய் என்றால் உள்ளே போகிறவன் யார்?

டாக்டர் மார்ச் மாதம் ஆபரேஷன் என்கிறார். உடம்பு தேறினால்.

ஃபின்லே


ஹாலவிக்
1952 ஜனவரி 11

ஃபின்லே,

இரண்டு மாதம் பதில் போடவில்லை. புயலில் கப்பல் வரவில்லை என்று எழுதலாம். மூன்று நாள்தான் வரவில்லை.

ஹாலவிக்கில் உன்னைவிட நல்லவள் இல்லை என்று எழுதினாயே, அந்த வரிதான் என்னைத் தூங்கவிடவில்லை. முதல் கடிதத்தில் அடுப்பில் போடாதே என்று வேறு எழுதியிருந்தாய். தெரிந்து எழுதினாயா தெரியாமல் எழுதினாயா என்று இன்றுவரை புரியவில்லை. இதை முடிக்கும்வரை எழுந்திருப்பதில்லை என்று உட்கார்ந்திருக்கிறேன்.

1932 பிப்ரவரி, செவ்வாய்க்கிழமை. அம்மாவுக்கு அன்று நினைவு தெளிவாக இருந்தது. "ஃபின்லேக்கு எழுது. உடனே வரச் சொல்லு" என்றாள். கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து எழுதினேன். நான் எழுதுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். தபால் ஆபீஸ் வாசல்வரை போனேன். திரும்பி வந்தேன். கடிதம் மேலங்கிப் பையிலேயே இருந்தது. அதைத் தேநீர்க் கெண்டிக்குக் கீழே நெருப்பில் வைத்தேன். "போட்டுட்டேன்மா" என்றேன்.

புதன், வியாழன், வெள்ளி மூன்று நாளும் "படகு வந்துச்சா?" என்று கேட்டாள். வெள்ளிக்கிழமை சாயங்காலம் போய்விட்டாள். சனிக்கிழமை உனக்குத் தந்தி அடித்தேன். ஞாயிறு கப்பல் இல்லை என்று எனக்குத் தெரியும். திங்கட்கிழமை அடக்கம். நீ புதன்கிழமை வந்தாய்.

கடிதம் போட்டும் அவன் வரவில்லை என்று ஊர் முழுக்கப் பேச்சு. நடுரோட்டில் சபை மூப்பர் டோர்குவில் உன்னை நிறுத்தி, "அம்மா சாகக் கெடக்கறான்னு எழுதியும் வரலை, இப்ப கடுதாசியே வரலைன்னு பொய் வேறயா?" என்றபோது நான் பத்தடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஏன் செய்தேன் என்று கேட்பாய். ஒன்பது வருஷம் அவளைத் தூக்கி உட்காரவைத்தவள் நான். வாய் துடைத்தவள் நான். கடைசியில் அவள் கண் என்னைத் தாண்டிக் கதவைப் பார்த்தது. இந்தச் சில நாளாவது அவள் எனக்கு மட்டும் இருக்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வேறு காரணம் இல்லை.

இப்போது தெரிகிறதா நான் ஏன் பின்வரிசையில் இருக்கிறேன் என்று? ஊருக்கு அது தாழ்மை. "இஷ்பெல் மாதிரி பயபக்தி யாருக்கு வரும்" என்பார்கள். அதையும் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தேன்.

இஷ்பெல்


சானடோரியம்
1952 ஜனவரி 27

அக்கா,

எனக்குத் தெரியும்.

அதாவது பாதி தெரியும். அன்று ரோட்டில் எந்தக் கடிதமும் வரவில்லை என்று நான் சொன்னபோது உன் முகத்தைப் பார்த்தேன். நீ கையிலிருந்த கோழித் தீவனப் பானையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அப்போதே புரிந்துவிட்டது. அடுப்பைப் பற்றி எழுதியது வேண்டுமென்றா என்று கேட்டால், கை தானாக எழுதியது என்று சொல்லத்தான் ஆசை. சத்தியம் செய்ய மாட்டேன்.

அம்மா என்னைக் கேட்டாள் என்பது தெரியாது. அது தெரியவே தெரியாது. "படகு வந்துச்சா" என்ற வரிக்கு மேல் என்னால் அன்று படிக்க முடியவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. உன்மேல் கோபம் வந்தது, இஷ்பெல், இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். தலையணையைக் குத்தினேன். பர்டி பார்த்துவிட்டு, "மூட்டைப்பூச்சியா?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள்தான் இன்னொன்று எழும்பி வந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன். உன் பொய்யை வைத்துக்கொண்டு நான் பத்தொன்பது வருஷம் பிழைத்தேன். யாராவது "நீ மோசமானவன்" என்றால், மனதுக்குள் உன்னை எடுத்துப் பார்த்துக்கொள்வேன். என் அக்கா பெரிய பக்திக்காரி, அவள் செய்ததைவிட நான் என்ன செய்துவிட்டேன் என்று. அதைச் சொல்லியே குடித்தேன். ஊரில் உண்மையை உடைக்காமல் இருந்தேனே, அது உன்மேல் இரக்கப்பட்டு இல்லை. உடைத்தால் அந்தப் பிடிமானம் போய்விடும். நீ உன் நல்லதைப் பிடித்துக்கொண்டு நின்றாய், நான் உன் கெட்டதைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு பேரும் அவரைப் பிடிக்கவில்லை.

நீ கடிதத்தை ஒழுங்காகப் போட்டிருந்தால் நான் வந்திருப்பேனா? அந்தச் செவ்வாய்க்கிழமை நான் போதையில் இருந்தேன். புதனும். எனக்கே தெரியாது அக்கா.

மன்னித்துவிட்டேன். எழுத எளிதாக இல்லை, மை இரண்டு தடவை சிந்திவிட்டது. ஆனாலும் எழுதிவிட்டேன், பார்.

ஃபின்லே


ஹாலவிக்
1952 பிப்ரவரி 8

ஃபின்லே,

உன் கடிதத்தை மாட்டுக்கொட்டகையில் நின்று படித்தேன். வீட்டுக்குள் பக்கத்து வீட்டு எஃபி உட்கார்ந்திருந்தாள். கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னடி ஆச்சு, பசுவுக்கு ஏதாவதா?" என்றாள். ஆமாம் என்றேன். பார், இன்னும் பொய்.

நான் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இந்த வீடும் நிலமும் உனக்கு. எழுதிக்கொடுத்துவிடுகிறேன். நீ வந்து இரு, நான் ஸ்டோர்னோவே டவுனில் எங்கேயாவது வேலைக்குப் போகிறேன். அதற்கு முன்னால் கிளாஸ்கோ வந்து ஆபரேஷன் முடிந்து நீ நடக்கும்வரை பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்குச் செய்த மாதிரி. வீட்டு வீடாகப் போய் உண்மையைச் சொல்கிறேன். இதையெல்லாம் செய்து முடித்து, ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கழித்து, மனது ஆறினால், அப்போது பந்தியைப் பற்றி நினைக்கலாம்.

சொல், வேறு என்ன செய்யட்டும்?

இஷ்பெல்


சானடோரியம்
1952 பிப்ரவரி 19

அக்கா,

ஒன்றும் செய்யாதே.

உனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது என்று தெரிந்தே எழுதுகிறேன். அடுத்தவர் வீட்டுக்குப் போனால்கூடக் கேட்காமலே அவர்கள் பாத்திரத்தைக் கழுவிவைக்கிற ஆள் நீ. வீடு எனக்கு வேண்டாம், ஒரு அறை போதும். இங்கே நர்ஸ்கள் இருக்கிறார்கள், நீ வந்தால் இரண்டே நாளில் அவர்களை வேலையை விட்டு விரட்டிவிடுவாய்.

ஊரில் சொல்ல வேண்டும் என்றால் சொல். எனக்கு நல்லது, டோர்குவிலுக்கும் நல்லது. ஆனால் அதைப் பந்திக்குக் கட்டணமாகக் கொண்டுபோகாதே. அவர் ஏற்கெனவே முடித்துவிட்ட வேலையில் உன் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு நுழையாதே. இரண்டு வருஷம் கழித்து உனக்கு வேறொரு இயேசுவா கிடைக்கப்போகிறார்? இப்போது இருக்கிறவர்தான் அப்போதும்.

மார்ச் 13, வியாழக்கிழமை ஆபரேஷன். நெஞ்சைத் திறந்து விலா எலும்புகளை எடுக்கிறார்களாம். நான்காம் வார்டிலிருந்து அதற்குப் போன ஆறு பேரில் இரண்டு பேர் திரும்பவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நம்பிக்கை வந்தால் பயம் போய்விடும் என்று நினைத்தேன், போகவில்லை. இரண்டும் ஒரே கட்டிலில் படுத்திருக்கின்றன. பயப்படும்போது என் நம்பிக்கை எவ்வளவு பலம் என்று சோதித்துப் பார்ப்பேன், அது நூலாக இருக்கும். அப்புறம் அவரைப் பார்ப்பேன். அவர் நூல் இல்லை.

அந்த வாரம்தானே அங்கே பந்தி?

ஃபின்லே


ஹாலவிக்
1952 மார்ச் 17

தம்பி ஃபின்லே,

இதைப் படிக்க நீ இருக்கிறாயா என்று தெரியாமலே எழுதுகிறேன். வியாழக்கிழமையிலிருந்து தபால்காரர் சைக்கிளைக் கண்டாலே கை வேலை நின்றுவிடுகிறது. தந்தி ஏதும் வரவில்லை. வராததே நல்லது என்கிறாள் எஃபி.

துணியை எப்போதும்போல் துவைத்தேன், திட்டாதே. மழை, அடுப்பருகில்தான் காயவைத்தேன். வியாழக்கிழமை பந்திக்கு முந்தின உபவாச நாள். ஆராதனையில் உன்னைத் தவிர வேறு நினைவில்லை. இப்போது அவனை ஆபரேஷன் மேசைமேல் கிடத்தியிருப்பார்கள், அவன் கையில் ஒன்றும் இல்லை என்று நினைத்தேன். அந்த நிமிஷம் உன்மேல் எனக்குப் பொறாமை வந்தது. செத்தாலும் நீ போகிற இடம் உனக்குத் தெரியும். என் கை நிறைய நான் செய்ததெல்லாம் இருந்தது, நான் போகிற இடம் எனக்குத் தெரியாது.

சனிக்கிழமை காலையில், பந்தியில் உட்கார அனுமதி கேட்டு, மூப்பர்கள் கூடும் அறைக்குப் போனேன். போதகர் மெக்ரேயும் நாலு மூப்பர்களும். டோர்குவிலுக்கு இப்போது எழுபது வயது, உனக்கு அடையாளம் தெரியாது. என்னைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். "இஷ்பெலா! இத்தனை வருஷமா இதுக்குத்தானே காத்திருந்தோம். போதகரே, இவளை என்னத்த விசாரிக்கறது? ஊருக்கே தெரிஞ்ச வாழ்க்கை. கேள்வியே வேண்டாம்" என்றார்.

"வேணும்" என்றேன்.

நின்றுகொண்டே சொன்னேன். செவ்வாய்க்கிழமை, கடிதம், கெண்டி, படகு, ரோடு. முடித்ததும் டோர்குவில் மெதுவாக உட்கார்ந்தார். "நடுரோட்டுல வெச்சு அவனைப் பொய்யன்னு சொன்னது நான்தானே" என்றார். அதையே திரும்பவும் ஒரு தடவை சொன்னார்.

போதகர் மெக்ரே இளைஞர், போன வருஷம்தான் வந்தவர். அவர் கேட்டார். "அப்போ எதை நம்பி இந்தப் பந்திக்கு வர்றீங்க அம்மா?"

"இயேசுவை. அவரை மட்டும்தான் ஐயா. வேற கொஞ்சம் வெச்சிருந்தேன், அது இப்பத்தான் உங்க எல்லாரு முன்னாடியும் போயிடுச்சு. அவரு போதலைன்னா எனக்குப் போக எடம் இல்லை" என்றேன்.

பந்தியில் உட்காருகிறவர்களுக்குக் கொடுக்கும் ஈய வில்லையை டோர்குவில்தான் எடுத்தார். "இதைக் குடுக்க இன்னைக்கு எனக்கு யோக்கியதை இல்லை. பிடி" என்றார்.

அன்று சாயங்காலத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது. சிலர் என் வாசலைப் பார்க்காமல் போனார்கள். என் வீட்டில் பதினோரு விருந்தாளிகள். அதில் ஒரு அம்மாள் மூட்டையைக் கட்டிக்கொண்டு எஃபி வீட்டுக்குப் போய்விட்டாள். எஃபி அவளை உட்காரவைத்துச் சூப் ஊற்றி, "சாப்பிட்டுட்டு அங்கேயே திரும்பிப் போங்க, அங்கதான் மெத்தை நல்லா இருக்கும்" என்றாளாம். அவள் திரும்பி வந்தாள். பாத்திரத்தை அவள் கழுவினாள், நான் தடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சங்கீதம் பாடும்போது எழுந்து நடந்தேன். பின்வரிசையிலிருந்து மேசைக்கு இருபது எட்டுகூட இராது. முதுகில் அத்தனை கண்களும் குத்தின. நான் துவைத்த துணி, ஓரத்தில் என் கைத்தையல். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன். எஃபி பக்கத்தில் இருந்தாள். அப்பம் வந்தது, என் கை எழும்பவில்லை. "வாங்கிக்கடி. கையை மட்டும் நீட்டு" என்று காதில் சொன்னாள்.

நீட்டினேன்.

வெறும் ரொட்டிதான் ஃபின்லே. கொஞ்சம் காய்ந்துகூட இருந்தது, நான் சுடுவது இன்னும் நன்றாக இருக்கும். நினைவு தெரிந்த நாளிலிருந்து யாரும் எனக்குப் பரிமாறி நான் சாப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பிறகு ரசக் கிண்ணம் வரும்வரை எனக்கு எதுவும் கண்ணுக்குத் தெரியவில்லை.

உனக்காக ஜெபிக்கிறேன். உன்னால் எழுத முடியாவிட்டால் பர்டியை எழுதச் சொல். ஒரு வரி போதும்.

உன் அக்கா
இஷ்பெல்


சானடோரியம், ஆறாம் வார்டு
1952 ஏப்ரல் 6

அக்கா,

இருக்கிறேன்.

ஐந்து விலா எலும்பு போய்விட்டது. உட்கார்ந்தால் இடது பக்கம் சாய்கிறேன். மூன்று வாரம் பேனா பிடிக்க விடவில்லை. என்னைப் பார்க்க வந்த பர்டியை எழுதச் சொன்னேன், நான் சொன்னது காதில் விழாமல் அவர் தன் தங்கைக்கு எழுதிப் போட்டுவிட்டார். நீ தவித்திருப்பாய், மன்னித்துக்கொள்.

உன் கடிதத்தை நர்ஸ் படித்துக்காட்டினாள். மூப்பர்கள் அறை வந்தபோது, "ஒரு நிமிஷம் இருங்க" என்று மூக்கைச் சிந்திவிட்டு வந்து தொடர்ந்தாள்.

டோர்குவிலிடமிருந்தும் ஒரு கடிதம். முதல் பக்கம் முழுக்க மழை, இரண்டாம் பக்கத்தில் முக்கால்வாசி ஆடுகள், கடைசி மூன்று வரியில் மன்னிப்பு. அவருக்கும் எழுதிவிட்டேன். ஆடுகளை விசாரித்திருக்கிறேன்.

ஜூன் பத்தாம் தேதிக்கு மேல் ஊருக்குப் போகலாம் என்கிறார் டாக்டர். படகுத்துறைக்கு நீ மட்டும் வா, கூட்டம் வேண்டாம்.

ஒரே ஒரு காரியம் கேட்கிறேன். 1932இல் நான் கல்லறைத் தோட்டத்துக்குத் தனியாகப் போனேன். காட்டித்தர யாரும் கூட வரவில்லை. எந்த மண் புதிது என்று பார்த்துப் பார்த்துத்தான் அம்மாவைக் கண்டுபிடித்தேன். இந்தத் தடவை நீ கூட வா. அந்த மணல்மேட்டில் ஏற எனக்கு மூச்சுப் போதாது, உன் தோளைப் பிடித்துக்கொள்கிறேன்.

உன் தம்பி
ஃபின்லே